திராட்சைக் கூடைக்குள் போன ஆயிரம் மணி நேரம்

1974-ஆம் வருஷம், ஆடி மாதத்து முதல் சனிக்கிழமை. என் மச்சினன் ஞானதுரை மதிய பஸ்ஸில் தேனிக்கு வந்து இறங்கினான். எங்கள் வீட்டு நடையில் தகரப் பெட்டியை வைத்து அதன்மேல் உட்கார்ந்தவுடன் தண்ணீர் கேட்டான். செம்பு காலியாகும் முன்பே அடுத்ததைக் கேட்டான்.

"அத்தான், என் புஸ்தகத்த எடுத்துக் குடுங்க. செவ்வாக்கிழமை காலையில பத்து மணிக்கு மெட்ராஸ்ல இன்டர்வியூ."

இதற்காகத்தான் நான் ஒரு மாதமாகக் காத்திருந்தேன். என் மனைவி சுகிர்தம் அடுக்களை வாசலில் நின்று சிரித்துக்கொண்டிருந்தாள். நான் பீரோவைத் திறந்து, சிவப்புக் காலிகோ அட்டை போட்ட புதிய புத்தகத்தை இரண்டு கையாலும் எடுத்து அவன் மடியில் வைத்தேன்.

அவன் விரித்துப் பார்த்தான். ஒரு பக்கம், இரண்டு பக்கம் திருப்பினான்.

"அழகா இருக்கே. யாரு எழுதுனது?"

"நாந்தான் மாப்ள."

"இந்தக் கையெழுத்தெல்லாம்?"

"அதையுந்தான். ஒண்ணு விடல. அப்படியே பாத்துப் பாத்துப் போட்டேன்."

அவன் முகத்தில் இருந்த சிரிப்பு எப்படிப் போயிற்று என்று எனக்கு இன்றைக்கும் சொல்லத் தெரியாது. எழுந்தவன் மறுபடி பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டான்.

"அத்தான், பழசு எங்க?"

நான் செய்த காரியத்தை இங்கே ஒளிக்காமல் எழுத வேண்டும். ஞானதுரை விமானம் ஓட்டுகிறவன். தேனி பஜாரில் ஏலக்காயும் மிளகும் விற்ற அய்யாத்துரை அவர்களுக்கு ஒரே மகன். சென்னையில் ஓட்டப் படித்து, இருநூற்றைம்பது மணி நேரம் பறந்து காட்டி, சம்பளத்துக்கு ஓட்டுகிற லைசென்ஸ் வாங்கினான். வாங்கிய பின் இரண்டு வருஷம் வேலை கிடைக்கவில்லை. அந்தக் காலத்தில் லைசென்ஸ் வைத்துக்கொண்டு சும்மா இருந்த பிள்ளைகள் நிறையப் பேர். பிறகு ஆந்திராவில் பருத்திக்கும் கரும்புக்கும் விமானத்திலிருந்து மருந்து அடிக்கிற ஒரு கம்பெனியில் சேர்ந்தான். பயிருக்கு மேலே பத்தடி உயரத்தில் பறக்க வேண்டும். கரெண்டு கம்பி வந்தால் மேலே ஏற வேண்டும், தாண்டியதும் இறங்க வேண்டும். அவனோடு சேர்ந்த இருவர் கம்பியில் மோதிப் போய்ச் சேர்ந்தார்கள். என் மனைவி அந்த ஐந்து வருஷமும் வெள்ளிக்கிழமை உபவாசம் விட்டதில்லை.

பறக்கிற ஒவ்வொரு தடவையும் தேதி, விமானத்தின் எண், எங்கிருந்து எங்கே, எத்தனை மணி எத்தனை நிமிஷம் என்று அவர்கள் ஒரு புத்தகத்தில் எழுதுகிறார்கள். மேலதிகாரி அதில் கையெழுத்துப் போடுவார். அந்த முதல் புத்தகம் நிறைந்ததும், "வயக்காட்டுல கெடந்து பாழாப் போகுது, பத்திரமா வைங்க அத்தான்" என்று என்னிடம் கொடுத்துவிட்டுப் போயிருந்தான். அதில் ஆயிரத்துப் பன்னிரண்டு மணி நேரம் இருந்தது.

ஜூன் மாதத்தில் பெரிய விமானக் கம்பெனியிலிருந்து இன்டர்வியூக் கடிதம் எங்கள் விலாசத்துக்கு வந்தபோது, அந்தப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். அட்டை பிய்ந்திருந்தது. பக்கமெல்லாம் மருந்துக் கறை, எண்ணெய்க் கறை. ஒரே நாற்றம். இதை எப்படிப் பெரிய மனிதர்கள் முன்னால் நீட்டுவான் என்று எனக்கு மனசு கேட்கவில்லை. நான் பஜாரில் கடை வைத்திருந்தேன். எங்கள் கடையில் கணக்கு எழுத ஒரு வழக்கம் உண்டு. தினம் எழுதுகிற குறிப்பு அழுக்காகத்தான் இருக்கும். அதைச் சுத்தமாகப் பெயர்த்து எழுதியதைத்தான் நாலு பேர் பார்க்க வைப்போம். பெயர்த்து எழுதிய பின் பழசு எடைக்குப் போய்விடும். எனக்கு இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாது. ஆனால் எழுத்தைக் கோலம் போடுகிற மாதிரி பார்த்து எழுதிவிடுவேன். இருபத்தேழு நாள் சாயங்கால ஜெபத்துக்குப் பிறகு உட்கார்ந்து, சிவப்பு மையில் கோடு போட்டு, அத்தனையையும் எழுதி முடித்தேன். வியாழக்கிழமை கடையின் பழைய நோட்டுகளோடு அந்தப் புத்தகத்தையும் கட்டி, பழைய பேப்பர் வாங்குகிற சுருளியாண்டியிடம் எடைக்குப் போட்டுவிட்டேன்.

"எடைக்கா?" என்றான் ஞானதுரை.

"ஏன் தம்பி, இதுல எல்லாம் இருக்குல்ல?" என்றாள் சுகிர்தம்.

"அக்கா, இதக் கொண்டுபோய்க் காட்டினா வேலை கிடைக்கிறது இருக்கட்டும். கள்ளக் கையெழுத்துன்னு இருக்க லைசென்ஸையும் பிடுங்கி, போலீஸ்ல ஒப்படைச்சிருவாக."

அடுத்த மாதம் அவனுக்கு முப்பது வயது முடிகிறது. முப்பது தாண்டினால் அந்தக் கம்பெனியில் எடுக்க மாட்டார்கள். ஆயிரம் மணி நேரம் பறந்திருந்தால்தான் கூப்பிடவே செய்வார்கள். அவனிடம் இருந்த இரண்டாவது புத்தகத்தில் நூற்று அறுபத்தெட்டு மணி நேரந்தான். பழைய புத்தகம் கிடைக்காவிட்டால் வாழ்நாளெல்லாம் கம்பிக்குக் கீழே மருந்தடிக்க வேண்டியதுதான்.

சட்டையைக்கூட மாற்றாமல் இருவரும் கிளம்பினோம்.

சுருளியாண்டிக்கு ஊர் அனுமந்தன்பட்டி. பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து ஞானதுரை மணியைப் பார்த்தபடியே வந்தான். ஆடிக் காற்று புழுதியை வாரி உள்ளே அடித்தது. நான் மனசுக்குள் ஜெபம் செய்ய முயன்றேன். "ஆண்டவரே" என்பதோடு நின்றுபோயிற்று.

"மாப்ள, என்னைய ரெண்டு வார்த்த வஞ்சிரு" என்றேன்.

"வையிறதுக்கு நேரமில்ல அத்தான். மொதல்ல புஸ்தகம்."

நல்ல வேளையாகச் சுருளியாண்டி வீட்டில் இருந்தார். சைக்கிளில் பேப்பர்க் கட்டை ஏற்றிக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, நீங்க போட்டது நல்ல கனத்த தாளு. நேத்தே காமயகவுண்டன்பட்டி திராட்சத் தோட்டத்துக்குக் குடுத்துட்டேனே. அக்கம்மா தோட்டம். கூடைக்குள்ள விரிக்கிறதுக்கு."

"புஸ்தகமாவா குடுத்தீரு?"

"புஸ்தகமா விரிக்க முடியுமாக்கும்? நாந்தான் பிரிச்சு, தாள் தாளாக் கிழிச்சு அடுக்கிக் குடுத்தேன். அவுக சிப்பம் போடுறது சனிக்கிழமதான். இந்நேரம் நடந்துக்கிட்டிருக்கும்."

ஞானதுரை அவர் சைக்கிளைப் பார்த்தான். பின்னால் டவுன் பஸ் வருகிற சத்தம் கேட்டது. சைக்கிளையும் பேப்பர்க் கட்டையும் பஸ் கூரையில் ஏற்றி, சுருளியாண்டியையும் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போனோம்.

தோட்டத்துக் கொட்டகைக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மணி நாலு. கொட்டகைக்கு வெளியே கோட்டயம் போகிற லாரி நின்றது. உள்ளே மூங்கில் கூடைகளில் பன்னீர்த் திராட்சையை அடுக்கி, மூடித் தைத்து, நூற்றுச் சொச்சம் கூடை வரிசையாக வைத்திருந்தார்கள். ஏழெட்டுப் பெண்கள் வேலை செய்துகொண்டிருந்தார்கள். தோட்டக்காரர் அக்கம்மாள் நடுவில் நின்று எண்ணிக்கொண்டிருந்தார். ஐம்பது வயதிருக்கும். கணவர் காலமான பிறகு தோட்டத்தைத் தானே பார்த்து வந்தவர்.

விஷயத்தைச் சொன்னோம்.

"கூடையத் திறக்கிறதா?" என்றார் அக்கம்மாள். "நல்லாருக்கே கூத்து. கை பட்டா பழத்து மேல இருக்க வெள்ளப் பொடி போயிரும். வெள்ள போன பழத்த மலையாளத்தான் பழசுன்னு தள்ளிருவான். அப்படி அந்தத் தாள்ல என்ன இருக்கு? சொத்துப் பத்திரமா?"

"நான் ஆகாசத்துல இருந்த நேரம்மா" என்றான் ஞானதுரை.

"அதான் எறங்கி வந்துட்டியேப்பா. இனி அது எதுக்கு?"

வேலை செய்த பெண்கள் சிரித்தார்கள். லாரி டிரைவர், "சமயமாயி, சமயமாயி" என்று ஹாரனை அடித்தார்.

"அம்மா, இவன் மேல தப்பில்ல" என்றேன். "இவன் ஒம்பது வருஷம் உசுரக் கையில பிடிச்சுப் பறந்த பறப்பு அதுல இருக்கு. நான் புத்தியில்லாம எடைக்குப் போட்டுட்டேன்."

அக்கம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இந்த அண்ணாச்சி மூஞ்சியப் பாருங்கடி, எழவு வீட்டுக்கு வந்தவரு மாதிரி இருக்காரு" என்றார். பிறகு டிரைவர் பக்கம் திரும்பி, "ஒரு மணி நேரம் பொறுய்யா. மல எங்கயும் போயிராது" என்றார். எங்களிடம் விரலை நீட்டினார். "ஒரு தாள எடுத்தா ஒரு தாள வைக்கணும். பழத்த எம்பிள்ளைக மட்டுந்தான் தொடுவாளுக. நீங்க ரெண்டு பேரும் தொடக் கூடாது. சம்மதமா?"

வைக்கத் தாள் வேண்டுமே. சுருளியாண்டி தன் கட்டைச் சைக்கிளிலிருந்து இறக்கி அவிழ்த்துப் போட்டார். "எடுத்துக்கங்க அண்ணாச்சி, அப்புறம் பேசிக்கிருவோம்."

பெண்கள் ஒவ்வொரு கூடையாகத் தையலைப் பிரித்துக் குலைகளை ஒரு முறத்தில் ஏந்தினார்கள். அடியில் இருந்த தாளை இழுத்து நீட்டினார்கள். முதல் பதினோரு கூடையில் பழைய செய்தித்தாளும் எங்கள் கடை நோட்டும்தான் வந்தன. பன்னிரண்டாவது கூடையில், "இந்தா இங்கிலீஷு!" என்று ஒரு பெண் கத்தினாள். வாங்கிப் பார்த்தான். அவனுடையதுதான். 1970, மார்ச் மாதம்.

அதன்பின் வரிசையாகக் கிடைத்தன. வாங்குகிற தாளை அவன் தேதிப்படி அடுக்க, நான் மேலே கல்லை வைத்துக்கொண்டிருந்தேன். ஒரு தடவை கல்லை எடுத்த நேரத்தில் காற்று அடித்து மூன்று தாள் கொட்டகைக்கு வெளியே பறந்தது. இரண்டு தாள் திராட்சைப் பந்தலின் கல்தூணில் ஒட்டிக்கொண்டன. மூன்றாவது வாய்க்காலுக்குள் விழுந்தது. ஒரு பெண் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கி எடுத்து வந்தாள். மை கரைந்திருந்தாலும் கையெழுத்துத் தெரிந்தது.

கடைசிக் கூடையும் திறந்தாகிவிட்டது. நாற்பத்தாறு தாளில் முப்பத்தேழு இருந்தது. ஒன்பது இல்லை.

"மத்தியானம் மதுரைக்கு ஒரு வண்டி போச்சு. நாப்பது கூடை" என்றார் அக்கம்மாள். இப்போது அவர் குரலிலும் ஏளனம் இல்லை.

ஞானதுரை லாரிப் படியில் உட்கார்ந்து கூட்டிப் பார்த்தான். போன ஒன்பது தாளில் இருநூற்று நாலு மணி நேரம். மிச்சம் எண்ணூற்று எட்டு. கையில் இருக்கிற இரண்டாம் புத்தகத்தோடு சேர்த்தால் தொள்ளாயிரத்து எழுபத்தாறு.

"இருபத்து நாலு மணி நேரம் குறையுது அத்தான்" என்றான்.

மறுநாள் ஞாயிறு. எனக்கு ஞானஸ்நானம் ஆன நாளிலிருந்து உடம்பு சுகமில்லாத நாள் தவிர ஆராதனையை விட்டதில்லை. அன்றைக்கு விட்டேன். விடிந்தும் விடியாமலும் மதுரைக்குப் போய்ப் பழ மார்க்கெட்டில் குப்பை மேட்டைக் கிளறினேன். கூடைகள் முதல் நாளே பிரிந்து, நாலு திசைக்கும் போயிருந்தன. ஆட்டின் வாயில் பாதி போக மிச்சமிருந்த தாளைக்கூடப் பிடுங்கிப் பார்த்தேன். அவனுடையது இல்லை. வெறுங்கையோடு வீட்டுக்கு வந்தபோது என் மாமனார் அய்யாத்துரை வந்திருந்தார்.

"இதுக்கு என்னத்துக்கு ஒப்பாரி?" என்றார் அவர். "இந்தச் செவப்புப் பொஸ்தகத்துல அந்த ஒம்பது தாளும் இருக்குல்ல. அதக் கழட்டி இதோட சேத்துத் தை. கொஞ்சம் காப்பித் தண்ணியத் தெளி. மருமகன் கையெழுத்து அச்சுல வார்த்த மாதிரி இருக்கு. எந்தக் கொம்பனும் கண்டுபிடிக்க மாட்டான்."

"அப்பா, அது பொய்க் கையெழுத்து."

"பறந்தது பொய்யா? நீ பறந்தியா இல்லியா? அடுத்த தாளு தலையில அதுவரைக்கும் பறந்த மொத்தம் எழுதிருக்குல்ல?"

"மொத்தத்த நாந்தான எழுதுறேன். நடுவுல இருக்க கையெழுத்துதான் சாட்சி. எங்க தொழில்ல இப்படிப் பேனாவாலயே பறக்கிறவுக உண்டுப்பா. அம்பது மணி நேரம் பறந்துட்டு நூறுன்னு எழுதுறவுக. அவுக பின்னாடி எழுவது பேரு உக்காந்து வருவாக."

மாமனார் விடவில்லை. அவருக்கு இந்த வேலையே பிடிக்கவில்லை. "ஏலே, எனக்கு ஒண்ணு சொல்லு. இப்ப சீசன்ல மாசம் ஆயிரத்து இருநூறு வாங்குற. அங்கன போனா மொதல் வருஷம் எம்புட்டு?"

"அறுநூறு."

"பாத்தீகளா! ஒம்பது வருஷ அனுபவம், பாதிச் சம்பளம். எங்கயாச்சும் உண்டா?"

ஞானதுரை அப்போதுதான் பொறுமையாக உட்கார்ந்து எங்களுக்கு விளக்கினான். மருந்தடிக்கிற வேலையில் ஏக்கருக்கு இத்தனை காசு என்று கூலி. முதல் வருஷத்துக்காரனுக்கும் பதினைந்து வருஷத்துக்காரனுக்கும் ஒரே கூலி. மழைக் காலத்தில் பாதிதான். கண்ணும் கையும் தளர்ந்த அன்றைக்கு வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். பெரிய கம்பெனியில் படிக்கட்டு மாதிரி. முதலில் பயிற்சி. அது முடிந்தால் வலது பக்கத்து நாற்காலி, துணை விமானி, சம்பளம் இரண்டு மடங்கு. வருஷா வருஷம் ஏற்றம், பறக்கிற மணிக்குத் தனிப் படி. மணி நேரம் சேரச் சேர அடுத்த லைசென்ஸ். ஏழெட்டு வருஷத்தில் பரீட்சை எழுதி, ஓட்டிக் காட்டினால் இடது பக்கத்து நாற்காலி, கமாண்டர். அப்போது சம்பளம் மறுபடி இரண்டு மடங்கு. அதற்கு மேல் பெரிய விமானம், பிறருக்குச் சொல்லிக் கொடுக்கிற பதவி.

"ஆனா யாரு எப்ப ஏறுறதுன்னு தெறமைய மட்டும் வச்சுப் பாக்க மாட்டாகப்பா. சேந்த தேதிய வச்சு ஒரு வரிசை நம்பர் குடுப்பாக. ரிட்டயர் ஆகுற வரைக்கும் அந்த வரிசை மாறாது. இந்த ஆகஸ்டுல சேந்தா முன்னால நிப்பேன். அதான் அறுநூறுக்குப் போறேன்."

"அப்ப இந்த ஒம்பது தாள்?" என்றார் மாமனார்.

"ரெண்டையும் கொண்டுபோறேன். கிழிஞ்சதையும் காட்டுறேன். அத்தான் எழுதுனதையும் காட்டி, இது எங்க அத்தான் எழுதுனதுன்னு சொல்லப்போறேன்."

சுகிர்தம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். மாமனார் செருப்பைத் தேடினார். "நல்லாக் காட்டு. ஜெயில்ல போட்டா மருமகன் சோறு கொண்டு வருவாரு."

"அவர எதுக்கு வெளிய விட்டீக? அவரும் வாராரு" என்றான் ஞானதுரை. "எழுதுன ஆளு பக்கத்துல இருந்தாத்தான் நம்புவாக."

திங்கட்கிழமை மதுரையில் ரயில் ஏறினோம். செவ்வாய் காலை பத்து மணிக்கு மீனம்பாக்கத்தில் ஒரு நீளமான கட்டடத்தில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். வந்திருந்த பிள்ளைகள் எல்லோரும் தோல் பையில் புத்தகம் வைத்திருந்தார்கள். எங்கள் கையில் கடைச் சாக்குத் துணியில் தைத்த பை. திராட்சைச் சாறு காய்ந்து ஈ வந்து உட்கார்ந்தது. ஞானதுரை உள்ளே போய் அரை மணி நேரம் ஆயிற்று. பிறகு பியூன் வந்து என்னைக் கூப்பிட்டார்.

மேஜைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். நடுவில் இருந்தவர் நரைத்த மீசைக்காரர், தமிழர். மேஜைமேல் முப்பத்தேழு தாளும் ஒரு பக்கம், என் சிவப்புப் புத்தகம் ஒரு பக்கம். ஞானதுரை ஓரமாக நின்றான். என்னைப் பார்க்கவில்லை.

"இதை எழுதினது நீங்களா?"

"ஆமாங்கய்யா."

"இங்கிலீஷ் படிப்பீங்களா?"

"தெரியாதுங்கய்யா. பாத்து எழுதுவேன்."

அவர் ஒரு வெள்ளைத் தாளையும் பேனாவையும் என் பக்கம் தள்ளினார். கிழிந்த தாளில் இருந்த ஒரு கையெழுத்தைக் காட்டினார். "இதைப் போடுங்க, பார்க்கலாம்."

கேட்டது செய்ய வேண்டியதுதானே என்று போட்டேன். கை பழகியிருந்தது. ஒரே இழுப்பில் வந்துவிட்டது. அவர் எடுத்து இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு மற்ற இருவரிடமும் நகர்த்தினார்.

"ரொம்ப நல்லா போடுறீங்க" என்றார். "அப்போ இந்த முப்பத்தேழு தாளும் நீங்க எழுதினது இல்லைன்னு நான் எப்படி நம்புறது?"

ஒன்பது தாளைத் தொலைத்தவன், இப்போது இருக்கிற முப்பத்தேழையும் தொலைக்கப் போகிறேன் என்று புரிந்தது. யோசித்துப் பேசுகிற நிலைமையில் நான் இல்லை. வாயில் வந்ததைச் சொன்னேன்.

"ஐயா, நான் எழுதுனா இம்புட்டு அழுக்கா எழுத மாட்டேன்."

ஓரத்தில் இருந்தவருக்குத் தமிழ் தெரியாது போலும், மற்றவர் அவர் காதில் சொன்னார். நரைத்த மீசைக்காரர் சிரிக்கவில்லை. ஒரு தாளை எடுத்து மோந்து பார்த்தார். மருந்து நாற்றம் எத்தனை திராட்சை வைத்தாலும் போகாது. பிறகு என் புத்தகத்தில் அதே தாளுக்குரிய பக்கத்தைத் தேடித் திருப்பினார். ஒவ்வொரு வரியாக விரல் வைத்து ஒப்பிட்டுக்கொண்டே வந்தவர், ஓர் இடத்தில் விரலை நிறுத்தினார்.

"இது என்ன எழுத்து?"

எட்டிப் பார்த்தேன். ஒரு வட்டமும் அதிலிருந்து ஆறு கோடும். எழுதும்போதே சிரமப்பட்ட எழுத்து அது. நன்றாக நினைவிருந்தது.

"தெரியாதுங்கய்யா. அந்தப் பொஸ்தகத்துல இருந்துச்சு. அப்படியே எழுதியிருக்கேன்."

அவர் பழைய தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். அங்கே ஒரு கொசு நசுங்கி ஒட்டியிருந்தது. ஏதோ ஒரு வயற்காட்டுக் கூடாரத்தில் ஞானதுரை எழுதிக்கொண்டே அடித்த கொசு. அதன் காலெல்லாம் விரித்து, கறுப்பு மையில் நான் சுத்தமாக எழுதிவைத்திருந்தேன்.

அப்போதுதான் அவர் சிரித்தார். மூன்று பேரும் சிரித்தார்கள். ஞானதுரை மட்டும் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"கள்ளக் கணக்கு எழுதுறவன் கொசுவை எழுத மாட்டான்" என்றார் அவர். ஆனால் உடனே முகம் பழையபடி ஆயிற்று. ஞானதுரையைப் பார்த்துப் பேசினார். "முப்பத்தேழு தாளை ஏத்துக்கிறேன். மீதி ஒன்பதுக்கு நான் உங்க வார்த்தையை வச்சு ஒரு நிமிஷம்கூட எழுத முடியாது. ஒவ்வொரு விமானத்துக்கும் தனியா ஒரு பதிவு இருக்கும், உங்க கம்பெனியில. அதை வரவழைச்சுச் சரிபார்க்கணும். இன்னிக்குப் பரீட்சையை எழுதுங்க. தேறினா பேரை நிறுத்தி வைப்போம். ஆகஸ்டு பேட்ச்சுக்கு அது வந்து சேராது. தெரியுதா?"

"தெரியுது சார்" என்றான்.

"நீங்க அந்த ஒன்பது தாளை இதோட சேர்த்துத் தச்சிருந்தா, எனக்குச் சந்தேகம் வந்திருக்கும்னு சொல்ல மாட்டேன். வந்திருக்காது. அதான் எனக்குப் பயமா இருக்கு."

பரீட்சையில் தேறினான். ஆந்திராவிலிருந்து அந்தப் பதிவுகள் வந்துசேர மூன்று மாதம் ஆயிற்று. இருநூற்று நாலு மணி நேரமும் நிமிஷம் பிசகாமல் சரியாக இருந்தது. தேறிய தேதியில் முப்பது ஆகவில்லை என்பதால் வயதைப் பற்றிக் கேட்கவில்லை. அடுத்த பேட்ச்சில், பிப்ரவரியில் சேர்த்தார்கள். ஆகஸ்டில் போனவர்களும் இவன் பேட்ச்சில் முன்னால் எழுதப்பட்டவர்களுமாக நாற்பத்திரண்டு பேர் இவனுக்கு மேலே. இவன் நாற்பத்து மூன்று.

ஆறு மாதம் என்று நான் முதலில் ஆறுதல் பட்டேன். அது ஆறு மாதம் இல்லை என்று வருஷம் போகப் போகத்தான் தெரிந்தது. ஆகஸ்டுக்காரர்கள் 1981-லேயே கமாண்டர் ஆகிவிட்டார்கள். புது விமானம் வருவது நின்று போய், இவன் வலது பக்கத்து நாற்காலியிலேயே இருந்தான். தன்னைவிட வயதில் சிறியவர்களுக்குத் துணையாகப் பறந்தான். இரண்டு பேருக்கும் சம்பளத்தில் ஏறக்குறையப் பாதிக்குப் பாதி வித்தியாசம். ஒரு நாள்கூட என்னிடம் சொல்லிக் காட்டியதில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

1982 கிறிஸ்துமஸுக்கு வந்திருந்தபோது, குடும்ப ஜெபத்தில் நான் கண்ணை மூடிக்கொண்டு, "ஆண்டவரே, ஞானதுரையின் நம்பரைச் சீக்கிரம் மேலே ஏற்றும்" என்று கேட்டேன். ஜெபம் முடிந்ததும் அவன் என்னைத் தனியாகக் கூப்பிட்டான்.

"அத்தான், அப்படி ஜெபம் பண்ணாதீக."

"ஏன் மாப்ள?"

"எங்க நம்பர் சும்மா ஏறாது. மேல இருக்கவுக யாராச்சும் ரிட்டயர் ஆகணும். எனக்கு மேல இருக்கவுகளுக்கு இன்னும் வயசாகல. அப்ப வேற எப்படி ஏறும்? ஆறு மாசத்துக்கு ஒருக்க டாக்டர் கண்ணு, காது, இருதயம் எல்லாம் பாப்பாரு. ஒண்ணுல தவறுனாலும் அன்னையோட பறக்கிறது நின்னு போகும். நீங்க என் நம்பர ஏத்தச் சொன்னா, அவுகள்ல ஒருத்தர் கண்ணக் கெடுக்கச் சொல்றீக."

நான் அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். மறுநாள் அவனை உட்காரவைத்து, கமாண்டர் ஆகாமல் அவனுக்கு மேலே இன்னும் இருந்தவர்களின் பெயரைச் சொல்லச் சொல்லித் தமிழில் எழுதிக்கொண்டேன். பத்தொன்பது பேர். அன்றிலிருந்து காலை ஜெபத்தில் அத்தனை பேருடைய கண்ணுக்கும் காதுக்கும் இருதயத்துக்கும் கேட்டு வந்தேன். சில பெயர்கள் வடக்கத்திப் பெயர்கள், நாக்கில் புரளவில்லை. ஆண்டவருக்குத் தெரியும் என்று விட்டுவிட்டேன்.

1985 மே மாதம் தந்தி வந்தது. கமாண்டர் ஆகிவிட்டான். பரீட்சை, ஓட்டிக் காட்டுவது எல்லாம் தேறி, அடுத்த வாரம் இடது நாற்காலி. சுகிர்தம் அழுதுகொண்டே அக்கம் பக்கத்துக்குக் கற்கண்டு கொடுத்தாள். நான் தபால் ஆபீசுக்குப் போய் ட்ரங்கால் போட்டு அவனிடம் பேசினேன்.

"நல்லது மாப்ள. எப்படி இடம் வந்துச்சு?"

லைன் இரைச்சலில் அவன் குரல் தேய்ந்து கேட்டது.

"ஒருத்தருக்குக் காது போயிருச்சு அத்தான். நாப்பது வயசு. நீங்க எழுதிக்கிட்டதுல ஆறாவது ஆளு. மத்த எல்லாரும் புது விமானம் வந்தப்பவே ஏறிட்டாக, இப்ப இவரு நாற்காலிதான் எனக்கு. மங்களூர்ப் பக்கம். ரெண்டு பொம்பளப் பிள்ளைக. அவருக்கு ஆபீஸ்ல ஏதோ வேல குடுத்திருக்காக."

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் காணிக்கை உறை இரண்டு எடுத்துக்கொண்டு போனேன். ஒன்றில் ஸ்தோத்திரம் என்று ஞானதுரையின் பெயரை எழுதினேன். மற்றதில் விண்ணப்பம் என்று அந்த மங்களூர்க்காரரின் பெயரை எழுதினேன். சபைப் போதகரான ஐயர் இரண்டையும் எல்லோர் முன்னாலும் வாசித்தார். இரண்டாவது பெயரில் தடுமாறி, "இது யாரு, நம்ம சபையில?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார்.

"நம்ம ஆளுதான் ஐயா. வாசிங்க" என்றேன்.